மீன் எதற்குக் கடிக்கிறது, எதற்குத் துப்புகிறது?

கேள்வி: ஏரியில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவரும் மைதா உருண்டைதான் போடுகிறார். அவருக்கு விழுகிறது, எனக்குத் தக்கை ஆடுவதோடு சரி. மீன் எதை வைத்துக் கடிக்கிறது? லூருக்கு (செயற்கை இரைக்கு) மாறினால் கிடைக்குமா?

பதில்:

மீனுக்குக் கை கிடையாது. ஒரு பொருள் என்னவென்று தொட்டுப் பார்க்க அதற்குப் பெரும்பாலும் வாய்தான். ஆகவே கடிப்பதெல்லாம் தின்பதாகாது. உங்கள் தக்கை ஆடுகிறது என்றால் மீன் வந்துவிட்டது, இரையை வாயில் வைத்தும் பார்த்துவிட்டது, ஏதோ சரியில்லாமல் துப்பியிருக்கிறது. தக்கை அசையவே இல்லை என்றால் சிக்கல் வேறு: மீன் அங்கே இல்லை, அல்லது இரையெடுக்கும் நிலையில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றுக்கும் இரையை மாற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. உங்களுக்கு நடப்பது முதல் வகை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கெண்டை இனங்களுக்கு (ரோகு, கட்லா, மிர்கால் எல்லாம் இதில் அடக்கம்) தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள்தான் பல். வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். சேறும் கூடவே வரும். வாயின் மேற்கூரையில் உள்ள மெத்தை போன்ற தசை தின்னக்கூடியதைப் பிடித்துக்கொள்ள, மற்றதை மீன் வெளியே தள்ளிவிடும். எல்லாம் நொடிக்குள் முடிந்துவிடும். அந்த உறிஞ்சலின் இழுவை ஏறக்குறைய வாயின் அகலம் அளவு தூரத்துக்குத்தான் எட்டும். உருண்டையைத் தடிமனான தங்கூஸும் (தூண்டில் நரம்பும்) பெரிய தக்கையும் பிடித்து வைத்திருந்தால் அது பாதிதான் உள்ளே போகும். மீனுக்கு அது வழக்கமான இரை நடந்துகொள்ளும் விதமாக இருக்காது, துப்பிவிடும். முள் உதட்டைத் தாண்டியே இருக்காது, நீங்கள் வெட்டும்போது (கம்பைச் சட்டென்று மேலே இழுக்கும்போது) வெறும் முள் வரும்.

ஆகவே முதலில் தக்கையைப் பாருங்கள். கடையில் வாங்கிய சிவப்பு வெள்ளை உருண்டைத் தக்கையாக இருந்தால் எடுத்துவிட்டு, பேனா ரீஃபில் தடிமனில் நீளமான தக்கை போடுங்கள். மயிலிறகுத் தண்டு இருந்தால் அதைவிட நல்லது இல்லை. தக்கையின் நுனி தண்ணீருக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் மட்டும் தெரியும்வரை சின்னச் சின்ன ஈயமாக நரம்பில் அழுத்திச் சேர்க்க வேண்டும். கடைசி ஈயம் முள்ளிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். ஜிலேபி (திலாப்பியா) மீனுக்கும் அரைக் கிலோ கெண்டைக்கும் 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் நரம்பு போதும். 0.40 நரம்பு கம்பி மாதிரி விறைத்து நின்று, உருண்டையை அசையவிடாது. முள்ளின் எண் கூடக்கூட முள் சிறியது என்பது தெரிந்திருக்கும்: ஜிலேபிக்கு 10 அல்லது 12, ரோகுவுக்கு 6 அல்லது 8.

தக்கை எப்படி நடந்துகொள்கிறது என்பதிலேயே மீன் யாரென்று தெரியும். விடாமல் குத்திக் குத்தி ஆடினால் ஜிலேபிக் குஞ்சுகள் உருண்டையைக் கொத்திக் கரைக்கின்றன. முள்ளையும் உருண்டையையும் சிறிதாக்குங்கள், அல்லது அரையடி ஆழம் கூட்டுங்கள். தக்கை சாய்வாக நழுவிப் போனால் நல்ல கடி. தக்கை உள்ளே போகாமல் மேலே எழும்பித் தண்ணீரில் படுத்துக்கொண்டால் பலர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடியில் மேயும் மீன் இரையோடு ஈயத்தையும் தூக்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணமே வெட்ட வேண்டும்.

இனி உருண்டை. மைதா மட்டும் பிசைந்து போட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், தண்ணீரில் ஒன்றும் கரையாது, வாசனையும் போகாது. 100 கிராம் மைதாவுக்கு 50 கிராம் பொடித்த கடலைப் பிண்ணாக்கு, 25 கிராம் அரிசித் தவிடு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 80 மில்லியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, ஈரத் துணி போட்டு 20 நிமிடம் ஊறவிட வேண்டும். பதம் காது மடலைவிடச் சற்று மென்மை. கரையோரம் கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில் முள்ளோடு போட்டுச் சோதியுங்கள். மேற்பரப்பு மெல்ல உதிர்ந்துகொண்டே 10, 15 நிமிடம் முள்ளில் நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கழன்றால் மைதா கூட்டுங்கள், 20 நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தால் பிண்ணாக்கைக் கூட்டுங்கள். ஜிலேபிக்குப் பட்டாணி அளவு, ரோகுவுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் விட்டம். முள்ளின் நுனி உருண்டையின் தோலை ஒட்டி இருக்கட்டும், நடுவில் புதைந்தால் குத்தாது.

நெய், நல்லெண்ணெய், எசென்ஸ் என்று சேர்ப்பவர்கள் உண்டு. மீனுக்கு வாசனை என்பது தண்ணீரில் கரைந்து வரும் பொருள்தான், காற்றில் மணப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எண்ணெய் கரையாமல் மேலே மிதந்து போகும். போதாக்குறைக்கு உருண்டையைச் சுற்றிப் படிந்து உள்ளே இருக்கும் நல்ல பொருளையும் வெளியே விடாது. மீனின் மூக்கும் நாக்கும் கூர்மையாக உணர்வது புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களை. மண்புழுவை வெட்டினால் கசியும் நீர், இறாலின் சாறு, இரவெல்லாம் ஊறிய பிண்ணாக்குத் தண்ணீர் எல்லாவற்றிலும் இவை இருக்கின்றன. அதனால் மாவு பிசையத் தண்ணீருக்குப் பதில் பிண்ணாக்கு ஊறிய தண்ணீரை ஊற்றுவது எந்த எசென்ஸையும் விட நல்லது. லேசாகப் புளித்தால் கெடுதல் இல்லை. பூஞ்சணம் பிடித்ததைக் கொட்டிவிடுங்கள். மண்புழு வெளுத்துப்போனால் சாறு போய்விட்டது, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும்.

சரி, இரை ஒன்றுதானே, பக்கத்துக்காரருக்கு மட்டும் எப்படி? அவர் விடிந்ததிலிருந்து ஒரே இடத்தில் தவிடும் பிண்ணாக்கும் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். பெரும்பாலும் அதுதான் ரகசியம். ஓரிடத்தில் உணவு விழுந்துகொண்டே இருந்தால் கூட்டம் அங்கே தங்கும், ஒன்றைப் பார்த்து ஒன்று போட்டி போட்டு எடுக்கும். போட்டி வந்துவிட்டால் மீன் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்காது. நீங்களும் தொடக்கத்தில் எலுமிச்சை அளவில் நான்கு உருண்டை, பிறகு 15, 20 நிமிடத்துக்கு ஒன்று, தக்கை இருக்கும் அதே இடத்தில் போடுங்கள். கூடைகூடையாகக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும். முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்காது, இடத்தை மாற்றாதீர்கள்.

ஆழமும் கேள்விதான். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அது மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளை வடித்துத் தின்பது. தரையில் கிடக்கும் உருண்டைக்காக அது இறங்கி வருவது அபூர்வம். இரண்டு, மூன்று அடி ஆழத்தில் தொங்கவிட வேண்டும், உருண்டையும் கொஞ்சம் உதிரியாக இருக்க வேண்டும். மிர்கால் வாய் கீழ்நோக்கியது, தரையைத் தொட்டால்தான் எடுக்கும். ரோகு நடுவில், ஆனால் உணவு போட்ட இடத்தில் கீழேயும் வரும். முள்ளில் பெரிய ஈயத்தை மாட்டி இறக்கி, தக்கை மூழ்காத அளவு கண்டுபிடித்துத் தரை ஆழத்தை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். இது இரண்டு நிமிட வேலை, செய்பவர்கள்தான் குறைவு.

கெளுத்தி முற்றிலும் வேறு பிராணி. அதற்கு மீசையில் மட்டுமல்ல, உடம்பெல்லாம் சுவை மொட்டுகள். அமெரிக்க ஆற்றுக் கெளுத்தி ஒன்றின் உடலில் லட்சத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். கலங்கலிலும் இருட்டிலும் அது சுவையை முகர்ந்தபடியே வந்துவிடும், கண் தேவையில்லை. ஆனால் சுவை அதனிடம் போய்ச் சேர நீரோட்டம் வேண்டும். அசையாத குளத்தில் இரையின் சாறு நாலைந்து அடிக்கு மேல் பரவ நெடுநேரம் பிடிக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையில் உட்காருங்கள். காற்று மேல்நீரை உங்கள் கரைக்குத் தள்ளும், தள்ளப்பட்ட நீர் அடியோடு ஏரிக்குள் திரும்பிப் போகும். தரையில் கிடக்கும் கோழி ஈரலின் சாறு அந்த அடி நீரோட்டத்தில் ஏரிக்குள் நீண்டு போகும், மோப்பம் பிடித்த கெளுத்தி அதே வழியில் வரும். வீசி எறிவது சிரமம் என்று எல்லோரும் காற்றுக்கு முதுகு காட்டும் கரையில்தான் உட்காருகிறார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையிலிருந்து உள்காதுக்கு ஒரு சிறு எலும்புச் சங்கிலி போகிறது, அதனால் மற்ற மீன்களைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் நீங்கள் பேசுவதால் ஒன்றும் கெடாது, காற்றில் வரும் ஒலியில் நூற்றில் ஒரு பங்குகூட நீருக்குள் இறங்காது. கரையில் தொம்மென்று நடப்பதும், பக்கெட்டை வைப்பதும், கம்பை ஊன்றுவதும் மண் வழியாக நேரே போகும். பார்வைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு, நீர்மட்டத்திலிருந்து பத்து டிகிரிக்குள் தாழ்ந்திருக்கும் பொருள் நசுங்கி மங்கித் தெரியும், அநேகமாகத் தெரியவே தெரியாது. ஒரு மீட்டர் உயரக் கரையில் நின்றால் 15 மீட்டருக்குள் இருக்கும் மீனுக்கு உங்கள் தலை தெரியும். நீரோரம் குந்தினால் ஐந்து மீட்டருக்கு வெளியே நீங்கள் இல்லை. தெளிந்த குட்டையில் இது மிக முக்கியம், செந்நீர் ஏரியில் கவலை வேண்டாம்.

இன்னொரு விஷயம் நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. தேனீக்களின் நடனத்துக்குப் பொருள் சொன்ன கார்ல் வான் ஃபிரிஷ் 1938-இல் கெண்டைக் குடும்பத்துச் சிறு மீன்களிடம் ஒன்றைக் கண்டார். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது, அதை முகர்ந்ததும் கூட்டம் கலைந்து ஓடுகிறது. கெளுத்திகளிலும் இது உண்டு. பிடித்த கெண்டையைத் தூண்டில் போட்ட இடத்திலேயே செதில் சுரண்டிக் கழுவுவதும், வாய் கிழிந்ததை அங்கேயே திருப்பி விடுவதும் உங்கள் இடத்தை நீங்களே கெடுத்துக்கொள்வதாகும். பிடித்த மீனைப் போட்டு வைக்கும் வலையை இருபதடி தள்ளிப் போடுங்கள்.

தக்கை அசையவே அசையாத நாட்கள் வேறு கதை. விடிகாலைதான் நல்ல நேரம் என்பது பாதி உண்மை. பச்சைப் பாசி பிடித்த ஏரியில் பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் இயல்பாகப் பிடித்து வைக்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். விடியும்போது அது இரண்டு, மூன்றுக்கு இறங்கிவிட்டால் கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நிறைய மீன் தெரிகிறதே என்று அங்கே உருண்டை போட்டு ஏமாறாதீர்கள், மூச்சுக்குத் தவிக்கும் மீன் தின்னாது. வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆன பிறகு, எட்டரை, ஒன்பதுக்குத் தொடங்குங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் இந்தத் தொல்லை அதற்கில்லை.

ஜிலேபி சில நேரம் கடிக்காததற்குக் காரணம் அதன் வாயிலேயே இருக்கும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபியில் பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் இரண்டு, மூன்று வாரம் வாயில் வைத்துக் காக்கும், அதுவரை இரை எடுக்காது. ஆண் மீன் கரையோரம் தட்டு அளவில் குழி பறித்துக் காவல் நிற்கும். குழிக்குள் விழும் உருண்டையை அது தூக்கி வெளியே எறிவதற்காகக் கவ்வும், பசிக்காக அல்ல. ஆகவே உடனே வெட்டினால்தான் உண்டு.

முதல் மழை பெய்த மாலை ஈசல் கிளம்பினால் மீன் கூட்டம் முழுக்க மேலே வந்துவிடும். அன்றைக்குத் தரையில் பிண்ணாக்கு போட்டுக் காத்திருப்பது வீண். ஈயத்தை எல்லாம் கழற்றிவிட்டு 12-ஆம் எண் முள்ளில் இரண்டு ஈசலைக் கோத்து மிதக்கவிடுங்கள்.

காற்றழுத்தம் குறைந்தால் கடிக்கும், கூடினால் கடிக்காது என்று நிறையப் படித்திருப்பீர்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். புயலுக்கு முன் பத்து ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் மீனுக்கு அது பத்து சென்டிமீட்டர் மேலே ஏறிய மாதிரி. அதை அது நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே செய்கிறது. அப்போது மாறுவது மேகமும் காற்றும் வெளிச்சமும். அவற்றைக் கவனித்தால் போதும், ஆப் வேண்டாம்.

இனி லூர். உங்கள் ஏரியில் இருப்பது கெண்டையும் ஜிலேபியும் மட்டும்தான் என்றால் லூருக்குச் செலவழிக்காதீர்கள். லூர் வேட்டையாடும் மீனுக்கு: விரால், கொடுவா, பாறை மீன். இவை வாசனையை ஆராய்ந்துகொண்டு நிற்பதில்லை. ஓடுகிற, தடுமாறுகிற, திடீரென்று நிற்கிற பொருள் கண்ணிலும் பக்கக்கோட்டிலும் பட்டதும் பாய்கின்றன. பக்கக்கோடு என்பது மீனின் இருபுறமும் ஓடும் உணர்வு வரி, பக்கத்தில் நீர் அசைவதை அதனால் உணர முடியும். பசியில்லாத மீனும் சில நேரம் பாய்வது இதனால்தான். இரையில் பசியைத் தூண்டுகிறோம், லூரில் பாய்ச்சலைத் தூண்டுகிறோம். லூரில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம், அடுத்து வேகம், அதற்கடுத்து அளவு, நிறம் கடைசி. கடையில் விற்பது மட்டும் தலைகீழ் வரிசையில்.

விராலுக்கு ரப்பர் தவளை. தாமரை, ஆகாயத்தாமரை ஓரங்களில் அது காற்றுக் குடிக்க எழும்பும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதன் தலையில் போடாமல் மூன்றடி தாண்டி எறிந்து அந்தப் பக்கமாக இழுத்து வாருங்கள். இலை மேல் தொடர்ந்து இழுத்து, இலைகளுக்கு நடுவே தண்ணீர் தெரியும் இடத்தில் இரண்டு நொடி நிறுத்த வேண்டும். பெரும்பாலான அடி அங்கேதான் விழும். அடித்ததும் வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தவளையின் முட்கள் அதன் முதுகை ஒட்டிப் பதிந்திருக்கும், மீன் வாயை மூடி அழுத்தினால்தான் வெளியே வரும். மனதில் ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் கனம் தெரிந்ததும் பலமாக வெட்டுங்கள். அதற்கு நீளாத நரம்பு, அதாவது 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு) வேண்டும். சாதாரண நைலான் இழுபட்டு வெட்டின் வேகத்தைத் தின்றுவிடும். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளிப்பதைப் பார்த்தால் அங்கே எறியாதீர்கள். தாய் தந்தை கோபத்தில் கட்டாயம் அடிக்கும், சுலபமாகக் கிடைக்கும், ஆனால் காவல் போன குஞ்சுகள் அன்றே மற்ற மீன்களுக்கு இரை.

கொடுவாவுக்கு முகத்துவாரம்: பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு, கடலூர் உப்பனாறு. இங்கே பஞ்சாங்கத்துக்கு வேலை உண்டு, நீரோட்டத்தின் வழியாக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் கூடும், ஓட்டம் பலமாகும். நீர் ஓடும்போது சிறு மீன்களும் இறாலும் அடித்து வரப்படும், கொடுவா தூண் மறைவிலோ பாறை மறைவிலோ ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆகவே லூர் ஓட்டத்தோடு அதன் முகத்துக்கு வர வேண்டும். வேட்டையாடுகிறவனை நோக்கி எந்தச் சிறு மீனும் வாலாட்டிக்கொண்டு எதிர்நீச்சல் போட்டு வராது. நீர் நின்றுபோகும் இடைவேளையில் டீ குடிக்கப் போகலாம். முகத்துவாரத்தை மணல் மூடிய மாதங்களில் இந்தக் கணக்கு செல்லாது.

கொடுவாவும் உறிஞ்சித்தான் எடுக்கும், டப்பென்ற சத்தமே அதுதான். மினோ லூரை (சிறு மீன் வடிவ லூரை) மெதுவாக இழுத்து, நிறுத்தி, நிறுத்தும்போது நரம்பை ஒரு கையளவு தளரவிட வேண்டும். விறைத்த நரம்பில் லூர் அதன் வாய்க்குள் போக முடியாமல் அடி மட்டும் விழும், மீன் மாட்டாது. பாறை மீன் நேர் எதிர். கூட்டமாக வந்து போட்டி போடும் மீன் அது. லூரை மெதுவாக்கினால் பின்னால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், ரீலை முடிந்தமட்டும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதே லூர், அதே இடம், வேகம் மட்டும் வேறு.

நிறத்துக்கு இவ்வளவு போதும்: தெளிந்த நீரில் வெள்ளி, இயல்பான மீன் நிறம். கலங்கலில் பளிச்சென்ற மஞ்சள், அல்லது உள்ளே குண்டு குலுங்கும் லூர். அந்திக்குப் பிறகு கறுப்பு, ஏனென்றால் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் கறுப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும். சிவப்பு தண்ணீரில் முதலில் மறையும் நிறங்களில் ஒன்று. சில மீட்டர் ஆழத்திலேயே சாம்பலாகத் தெரியும், அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஏரிக்கே திரும்பினால், அடுத்த முறை போகும்போது உருண்டையை மாற்றாமல் தக்கையையும் நரம்பையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். கிளம்பும் முன் முள் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, கோடு விழுந்தால் போடலாம்.